முதல் கண்டெய்னர் அனுப்பும் முன்: சுங்கத்திலும் கப்பலிலும் புழங்கும் வார்த்தைகள்

கரூரில் தறி வைத்து கிச்சன் டவலும் மேசை விரிப்பும் நெய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு ஹாம்பர்க்கிலிருந்து ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலே வரிதான். எஃப்ஓபி தூத்துக்குடி விலை என்ன, எச்எஸ் கோடு என்ன, மொத்தம் எத்தனை சிபிஎம், எல்சி சம்மதமா. துணியைப் பற்றி எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்பவர் இந்த நாலு வரிக்கு முன்னால் திகைத்து நின்றுவிடுவார்.

திகைக்க ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் வரும் வார்த்தைகளில் பெரும்பாலானவை மூன்று விஷயங்களைத்தான் பேசுகின்றன. இந்த இடம்வரை செலவு யாருடையது? இந்த இடத்தில் சரக்குக்கு ஏதாவது ஆனால் நஷ்டம் யாருக்கு? எந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறது? புதிதாக ஒரு சுருக்கெழுத்து வந்தால் அதன் விரிவாக்கத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்றில் எதற்கு அது பதில் சொல்கிறது என்று பாருங்கள். கரூர் பார்ட்டியின் சரக்கோடு கூடவே போவோம்.

முதலில் எடுக்க வேண்டிய எண்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒருமுறை செய்துவிட்டால் தீர்ந்தது.

ஐஇசி என்பது ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி எடுக்கலாம். இப்போது உங்கள் பான் எண்ணே ஐஇசி எண்ணாகவும் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் உள்ளே போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். எதுவுமே மாறவில்லை என்றாலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் செயலிழந்துவிடும். சரக்கு துறைமுகத்துக்குப் போன பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஏடி கோடு உங்கள் வங்கிக் கிளையின் 14 இலக்க எண். வங்கியிடம் கடிதம் வாங்கி, சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். இது இல்லாமல் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்கான ஏற்றுமதி அறிவிப்பு, போட முடியாது.

எல்யுடி ஜிஎஸ்டி சம்பந்தப்பட்டது. வரி கட்டாமலே ஏற்றுமதி செய்ய நீங்கள் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி. ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும், ஏப்ரல் பிறந்தால் புதிதாகப் போட வேண்டும். அடுத்து ஆர்சிஎம்சி, ஏதாவது ஓர் ஏற்றுமதி வளர்ச்சிக் கழகத்தில் உறுப்பினர் என்பதற்கான சான்று. கைத்தறிக்கான கழகம் சென்னையிலேயே இருக்கிறது.

எச்எஸ் கோடு: வாங்குபவர் சொன்னதை அப்படியே போடாதீர்கள்

உலகத்தில் விற்கப்படும் எந்தப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு வைத்திருக்கும் இந்த வரிசை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் நாட்டு வசதி. இந்தியாவில் 8 இலக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதிக்கு 10 இலக்கம். வாங்குபவர் மெயிலில் அனுப்பும் 10 இலக்க எண்ணை இங்கே ஷிப்பிங் பில்லில் போட முடியாததற்குக் காரணம் இதுதான். முதல் ஆறு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நம் கரூர் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே பருத்தி, எல்லாமே சமையலறைக்குப் போவது. ஆனாலும் ஒரே எண் கிடையாது. டர்க்கி டவல் போல நூல் வளையம் நிற்கும் துணியில் செய்த கிச்சன் டவல் 6302.60. அதே அளவில், அதே பயன்பாட்டுக்கு, சாதா நெசவில் செய்தால் 6302.91. நெய்த பருத்தி மேசை விரிப்பு 6302.51. ஏப்ரன் போட்டால் அது 63-ஆம் அத்தியாயத்திலேயே வராது. உடுத்துவது என்பதால் 6211-க்குப் போய்விடும். குஷன் கவர் 6304. ஐந்து பொருளை 'காட்டன் கிச்சன் செட்' என்று ஒரே வரியில் இன்வாய்ஸில் எழுதி ஒரே எண்ணைப் போடுவது சோம்பேறித்தனம், அதோடு அபாயமும்கூட. வாங்குபவர் கட்டும் வரியும் டிராபேக் என்ற பெயரில் உங்களுக்குத் திரும்ப வரும் வரித் தொகையும் இந்த எண்ணைப் பொறுத்தவை.

சந்தேகம் இருந்தால், சுங்க வேலையை உங்களுக்காகச் செய்துதரும் ஏஜென்டான சிஎச்ஏவிடம் கேளுங்கள். சட்டத்தில் கஸ்டம்ஸ் புரோக்கர் என்று பெயர் மாறிவிட்டது, துறைமுகத்தில் எல்லோரும் இன்னும் சிஎச்ஏ என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும்போது துணித் துண்டைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். போட்டோவில் நெசவு தெரியாது.

விலை சொல்லும் முன்: இன்கோடெர்ம்ஸ்

புதியவர்கள் காசை விடும் இடம் பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இன்கோடெர்ம்ஸ் என்பது பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகச் சபை வகுத்த விதிகள். முதல் பதிப்பு 1936-இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பு. மொத்தம் 11 விதிகள். அவற்றில் எஃப்ஏஎஸ், எஃப்ஓபி, சிஎஃப்ஆர், சிஐஎஃப் நான்கும் கடல், உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும். மற்ற ஏழும் எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும். எழுதும்போது மூன்றும் இருக்க வேண்டும்: விதி, இடம், பதிப்பு. 'எஃப்ஓபி தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020' என்று முழுசாக. வெறும் எஃப்ஓபி என்று எழுதினால் எந்தத் துறைமுகம் என்று பிறகு சண்டை வரும்.

எஃப்ஓபி என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவும் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. ஏறிய பிறகு இரண்டும் வாங்குபவருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்டெய்னர் சரக்கை நீங்கள் கப்பலில் கொண்டுபோய் ஏற்றுவதில்லை. டெர்மினல் வாசலில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள், கப்பல் சில நாள் கழித்து வருகிறது. அந்த நாட்களில் சரக்கு உங்கள் கையில் இல்லை, நஷ்டம் மட்டும் உங்கள் தலையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு நாளில் யார்டில் நிற்கும் கண்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்தால், எஃப்ஓபி விற்பனையில் அது விற்றவரின் நஷ்டம்.

அதனால்தான் கண்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏ போடச் சொல்கிறது சர்வதேச வணிகச் சபை. அதில் குறித்த இடத்தில் வாங்குபவரின் டிரான்ஸ்போர்ட்டரிடமோ, சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வார்டரிடமோ ஒப்படைத்ததோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. எல்சிக்கு, அதாவது வங்கி தரும் பண வாக்குறுதிக்கு, 'கப்பலில் ஏறியது' என்று குறித்த பிஎல் (பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் ரசீது) வேண்டுமே என்று கேட்பீர்கள். அப்படி ஒன்றை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் சரக்கை ஏற்றிச் செல்லும் தம் கேரியருக்கு உத்தரவு தர 2020 பதிப்பு இடம் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் நம் ஊரில் எல்லோரும் எஃப்ஓபிதான் கேட்கிறார்கள், பழக்கம் லேசில் போகாது. எஃப்ஓபி போட்டே ஆக வேண்டுமென்றால் தொழிற்சாலையிலிருந்து கப்பல் ஏறும்வரைக்கும் சொந்தமாக ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் பாலிசி அந்த இடைவெளியைத் தொடாது.

சிஐஎஃப் ஹாம்பர்க் என்றால் ஹாம்பர்க் துறைமுகம்வரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நீங்கள் கட்டுகிறீர்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: செலவு ஹாம்பர்க்வரை உங்களுடையது, நஷ்டப் பொறுப்போ தூத்துக்குடியில் கப்பல் ஏறியதுமே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. செலவும் பொறுப்பும் இரண்டு வெவ்வேறு இடத்தில் கைமாறும். சிஎஃப்ஆர் இதேதான், இன்சூரன்ஸ் மட்டும் கிடையாது.

சிஐஎஃப்புக்குக் குறைந்தபட்ச இன்சூரன்ஸ் போதும் என்கிறது விதி: விற்பனை மதிப்பில் 110 சதவீதத்துக்கு, சரக்கு இன்சூரன்ஸின் 'சி' ஷரத்தில். 10 லட்சம் ரூபாய் சரக்கென்றால் 11 லட்சத்துக்கு. 'சி' ஷரத்து தீ, கப்பல் மூழ்குவது, மோதுவது மாதிரி பெரிய விபத்துகளுக்குத்தான். திருட்டுக்கும் மழைநீருக்கும் பதில் சொல்லாது. துணி அனுப்புகிறவர் விரிவான 'ஏ' ஷரத்தில் எடுப்பதே புத்திசாலித்தனம். பிரீமியம் வித்தியாசம் சொற்பம்.

இரண்டு விதிகளைப் புதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. எக்ஸ்டபிள்யூ என்றால் தொழிற்சாலை வாசலிலேயே விற்றாயிற்று, ஏற்றுமதிச் சுங்கம்கூட வாங்குபவர் வேலை. ஆனால் இந்தியாவில் ஷிப்பிங் பில் போட ஐஇசி வேண்டும், ஹாம்பர்க்காரருக்கு அது ஏது? கடைசியில் உங்கள் பெயரில்தான் போட வேண்டியிருக்கும். மறுகோடியில் டிடிபி. வாங்குபவர் வாசல்வரை, அந்த ஊர் சுங்கவரியும் சேர்த்து நீங்கள் கட்டுகிறீர்கள். ஐரோப்பாவில் இறக்குமதிக்கு ஈஓஆர்ஐ என்ற சுங்கப் பதிவு எண் வேண்டும், அங்கே வாட் வரி வேறு. கரூரிலிருந்து முதல் சரக்குக்கே இதை ஒப்புக்கொள்வது தேவையில்லாத வீரம்.

எஃப்ஓபி போட்டால் ஃபார்வார்டரை வாங்குபவரே நியமிப்பார். நாமினேஷன் என்பார்கள். கடல் வாடகை அவர் தலையில், சரி. ஆனால் தூத்துக்குடியில் ஆகும் டிஎச்சி என்ற டெர்மினல் கையாளும் கட்டணம், பிஎல் கட்டணம், சீல் கட்டணம், இன்னும் பெயர் தெரியாத நாலைந்து கட்டணம் உங்களிடம் வரும். ஃபார்வார்டரை நீங்கள் தேர்ந்தெடுக்காததால் பேரம் பேசவும் வழியில்லை. விலை சொல்லும் முன்பே அந்த ஃபார்வார்டரின் உள்ளூர் கட்டணப் பட்டியலை மெயிலில் வாங்கிவிடுங்கள்.

சிபிஎம்மும் எடையும்

சிபிஎம் என்பது கன மீட்டர். அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கினால் கிடைப்பது. பெட்டி 60 × 40 × 30 சென்டிமீட்டர், உள்ளே 200 டவல், மொத்த எடை 15 கிலோ என்று வையுங்கள். ஒரு பெட்டி 0.072 சிபிஎம். 40 பெட்டிக்கு 2.88 சிபிஎம், 600 கிலோ.

இவ்வளவு சரக்குக்கு முழு கண்டெய்னர் எடுக்க மாட்டோம், எல்சிஎல் போவோம். பலர் சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்பும் முறை அது. அதில் 1 சிபிஎம்மையும் 1,000 கிலோவையும் சமமாக வைத்து, எது கூடுதலோ அதற்குக் காசு கேட்பார்கள். நம் சரக்கு 2.88 சிபிஎம், எடையோ 0.6 டன்தான், அதனால் 2.88-க்குக் கட்ட வேண்டும். அதையே விமானத்தில் அனுப்பினால் சென்டிமீட்டர் கணக்கை 6,000-ஆல் வகுத்துக் கிடைக்கும் கிலோவை உண்மையான எடையோடு ஒப்பிடுவார்கள். ஒரு பெட்டி 12 கிலோ வருகிறது, உண்மையில் 15 கிலோ. எனவே 15-க்குக் கட்டணம். ஒரே பெட்டிக்குக் கடலில் இடம் காசு, ஆகாயத்தில் எடை காசு.

முழு கண்டெய்னர் எஃப்சிஎல். 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு காகிதத்தில் 33 சிபிஎம், அட்டைப்பெட்டி அடுக்கினால் 26 முதல் 28 வரைதான் போகும். உயரம் கூடிய 40 அடிப் பெட்டியான ஹைகியூப்பில் 76 என்று போட்டிருக்கும், அதிலும் இதே கழிவு உண்டு.

மரப் பலகை பேலட் போட்டால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா பாருங்கள். மரத்தின் உள்பாகம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத பேலட்டால் துணிச் சரக்கு மொத்தமும் அந்த ஊர்த் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

புக்கிங்கிலிருந்து சீல் வரை

ஃபார்வார்டர் புக்கிங் தாளில் இடிடி, இடிஏ, கட்-ஆஃப் என்று மூன்று தேதி கொடுப்பார். முதல் இரண்டும் கப்பல் கிளம்பும், சேரும் உத்தேச நாள். உத்தேசம்தான், யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது கட்-ஆஃப். அந்த நேரத்துக்குள் கண்டெய்னர் டெர்மினலுக்குள் போக வேண்டும். காகித வேலைக்குத் தனி கட்-ஆஃப் இருக்கும், அது பெரும்பாலும் இன்னும் முன்னதாக வரும்.

தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பா போகும் கண்டெய்னர் பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபீடர் என்ற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ஓட்டியதும் இதே தூத்துக்குடி-கொழும்புப் பாதைதான். இன்று துறைமுகத்துக்கு அவர் பெயர். கொழும்பில் நெரிசல் என்றால் உங்கள் பெட்டி அங்கே காத்திருக்கும், இடிஏ தள்ளிப்போகும். வாங்குபவரிடம் தேதி சொல்லும்போது இதற்கும் இடம் விட்டுச் சொல்லுங்கள்.

முழு கண்டெய்னர் எடுத்திருந்தால், காலிப் பெட்டி தொழிற்சாலைக்கு வந்ததும் சரக்கை ஏற்றிவிடாதீர்கள். ஓர் ஆளை உள்ளே அனுப்பி இரண்டு கதவையும் சாத்தச் சொல்லுங்கள். உள்ளிருந்து பார்க்கும்போது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம், வெளிச்சம் வரும் வழியில் கடல் தண்ணீரும் வரும். அப்புறம் மோந்து பாருங்கள். முந்தைய சரக்கு தோலாகவோ ரசாயனமாகவோ இருந்திருந்தால் அந்த வாடை துணியில் ஏறி ஹாம்பர்க்வரை போகும். தரை ஈரமாக இருந்தாலும் திருப்பி அனுப்பலாம். மாற்றுப் பெட்டி கேட்பது உங்கள் உரிமை, டிரைவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெட்டி எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கதவில் இருப்பதும் புக்கிங் தாளில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். கதவிலேயே டேர் என்று காலிப் பெட்டியின் எடை போட்டிருக்கும். அதோடு சரக்கு, பேலட், முட்டுக்கட்டை எல்லாவற்றையும் கூட்டினால் விஜிஎம், அதாவது சரிபார்க்கப்பட்ட மொத்த எடை. ஏற்றிய பெட்டியை அப்படியே எடைமேடையில் நிறுத்தியும் எடுக்கலாம். 2016 ஜூலை 1 முதல் விஜிஎம் இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி.

பெட்டிக்குள் சரக்கை அடுக்கும் ஸ்டஃபிங் முடிந்ததும் சீல். தொழிற்சாலையில் நீங்களே போடுவதென்றால் சுங்கத் துறையின் மின்முத்திரை, அதன் மேல் கப்பல் கம்பெனியின் போல்ட் சீல். காலிப் பெட்டி, பாதி நிறைந்தது, முழுவதும் நிறைந்தது, சீல் எண் தெரியும்படி ஒன்று என்று படம் எடுத்து வையுங்கள். சரக்கு குறைந்தது என்று வாங்குபவர் சொன்னால் பேசப்போவது இந்தப் படங்கள்தான்.

ஐரோப்பாவுக்கென்றால் சரக்கு விவரத்தை முன்கூட்டியே அங்கத்திய சுங்கத்துக்குச் சொல்ல வேண்டும். இஎன்எஸ் என்பார்கள். அந்தப் பகுதிக்குப் போகும் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். அமெரிக்காவுக்கு இதே மாதிரி ஐஎஸ்எஃப் உண்டு, அது இறக்குமதியாளர் பொறுப்பு, ஆனால் தகவல் உங்களிடமிருந்துதான் போகும்.

ஷிப்பிங் பில்: செக்லிஸ்ட்டைப் படியுங்கள்

பெயரைப் பார்த்துப் பணம் கட்டும் பில் என்று நினைக்க வேண்டாம். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, 'இன்ன சரக்கை ஏற்றுமதி செய்கிறேன்' என்று நீங்கள் சுங்கத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு இது. சிஎச்ஏ ஐஸ்கேட்டில் போடுவார்.

போடுவதற்கு முன் உங்களுக்கு ஒரு செக்லிஸ்ட் அனுப்புவார், பெரும்பாலும் வாட்ஸ்அப்பில், அவசரமாக, 'ஓகே சொல்லுங்க சார்' என்ற செய்தியோடு. ஓகே சொல்லுமுன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் உங்கள் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் போடப்போவதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரு சாய்கோடு மாறினாலே எஸ்பி005 என்ற பிழை வந்து, எல்யுடி போடாமல் ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கட்டி அனுப்பியவருக்கு அந்த ரீஃபண்ட் நின்றுவிடும். எச்எஸ் கோடு வரிவாரியாகச் சரியா? இன்வாய்ஸில் எண்ணிக்கை போட்டிருப்பீர்கள், சுங்க அட்டவணை கிலோ கேட்கலாம், அந்தக் கிலோ பேக்கிங் லிஸ்ட்டோடு ஒத்துவருகிறதா? எஃப்ஓபி மதிப்பு எவ்வளவு? நீங்கள் சிஐஎஃப்பில் விற்றிருந்தாலும் வாடகையையும் இன்சூரன்ஸையும் கழித்த எஃப்ஓபி மதிப்பைத்தான் சுங்கம் கணக்கில் எடுக்கும்.

அப்புறம் ஸ்கீம் பகுதி. டிராபேக் கேட்டிருக்கிறதா, ஆயத்த ஆடைக்கும் 63-ஆம் அத்தியாயத் துணிகளுக்கும் உள்ள ஆர்ஓஎஸ்சிடிஎல் (மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும் சலுகை) கேட்டிருக்கிறதா, எல்யுடி எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் விட்ட சலுகையைப் பின்னால் 149-ஆவது பிரிவில் திருத்தி வாங்க முயலலாம். அதற்கு அலைவதைவிட இந்த ஐந்து நிமிடம் மலிவு. விகிதங்களும் கெடுவும் அவ்வப்போது மாறும் என்பதால் போன பில்லைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம்.

சுங்க அதிகாரி சரி என்றதும் கிடைப்பது எல்இஓ, ஏற்றலாம் என்ற உத்தரவு. கப்பல் கிளம்பிய பிறகு கப்பல் கம்பெனி போடுவது இஜிஎம், அதாவது கப்பலில் போன மொத்தச் சரக்குப் பட்டியல். சரக்கு உண்மையில் நாட்டை விட்டுப் போனதற்கு அதுதான் சாட்சி. இஜிஎம்மில் உங்கள் பெட்டி விட்டுப்போனால் டிராபேக்கும் வராது, ரீஃபண்டும் வராது. கப்பல் போய் ஒரு வாரத்தில் ஐஸ்கேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிஎல்: சரக்கின் சாவி

பில் ஆஃப் லேடிங் ஒரே தாளில் மூன்று வேலை செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது, ஏற்றிச் செல்ல ஒப்பந்தம், சரக்கின் மேல் உரிமைப் பத்திரம். மூன்றாவதுதான் முக்கியம். அசல் பிஎல் யார் கையிலோ சரக்கு அவருக்கு. வழக்கமாக மூன்று அசல் தருவார்கள், ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்தாலே மற்ற இரண்டும் செல்லாது. அதனால் மூன்றும் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் 1856-ஆம் ஆண்டு சட்டம்தான் இதற்கு ஆதாரமாக இருந்தது, 2025-இல்தான் புதுச் சட்டம் வந்தது.

கப்பல் கம்பெனி கொடுப்பது மாஸ்டர் பிஎல். ஃபார்வார்டர் தன் பெயரில் கொடுப்பது ஹவுஸ் பிஎல். எல்சிஎல் சரக்குக்கு ஹவுஸ் பிஎல்தான் கிடைக்கும். வாங்குபவர் நியமித்த ஃபார்வார்டர் கொடுக்கும் ஹவுஸ் பிஎல்லில் எச்சரிக்கை தேவை. அந்த ஊரில் அவருடைய ஏஜென்ட் உங்கள் அசல் பிஎல்லைக் கேட்காமலே சரக்கை விட்டுவிட்டால் நீங்கள் யாரிடம் போவீர்கள்? இந்தியாவில் 1993-ஆம் ஆண்டுப் பலமுனைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த எம்டிஓவா, அதாவது பலமுனைப் போக்குவரத்து நடத்துநரா, என்று கேளுங்கள். பதிவு எண் பிஎல்லிலேயே இருக்கும்.

கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர், என்ற கட்டத்தில் வாங்குபவர் பெயரை நேராக எழுதினால் அந்த பிஎல்லை வேறொருவருக்கு மாற்ற முடியாது. பணம் இன்னும் வரவில்லை என்றால் 'டு ஆர்டர்' (உத்தரவின்படி) என்றோ வங்கியின் பெயரிலோ எழுதுவது பாதுகாப்பு. பின்பக்கம் கையெழுத்திட்டு, அதாவது எண்டார்ஸ் செய்து, உரிமையை மாற்றலாம்.

'டெலக்ஸ் ரிலீஸ் கொடுங்கள்' என்று வாங்குபவர் கேட்பார். அசல் பிஎல்லை இங்கேயே ஒப்படைத்துவிட்டால் அங்கே காகிதமில்லாமல் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். கூரியர் நேரம் மிச்சம், உண்மைதான். முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகே கொடுங்கள். கொடுத்த பிறகு உங்கள் கையில் பிடி எதுவும் இல்லை. சீவே பில் இன்னும் ஒருபடி மேலே: அது உரிமைப் பத்திரமே கிடையாது. பல வருடப் பழக்கமுள்ள பார்ட்டிக்கு மட்டும்.

பிஎல் டிராஃப்ட் வரும்போது பெட்டி எண், சீல் எண், எடை, பெயர் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சாகியிருக்கும். பயப்பட வேண்டாம், நீங்களே சீல் வைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கப்பல் கம்பெனிக்குத் தெரியாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

எல்சி

எல்சி என்றால் வாங்குபவரின் வங்கி தரும் வாக்குறுதி: சொன்ன காகிதங்களைச் சொன்னபடி கொடுத்தால் பணம். வங்கிக்குச் சரக்கைப் பற்றிக் கவலையில்லை, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். உலகம் முழுக்க யுசிபி 600 என்ற விதித்தொகுப்பைப் பின்பற்றுகிறார்கள், 2007 ஜூலை 1 முதல். வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேறிய 21 நாளுக்குள் காகிதங்கள் வங்கிக்குப் போக வேண்டும், எல்சியின் காலமும் முடிந்திருக்கக் கூடாது. வங்கி 5 வேலை நாளுக்குள் சரியா தவறா என்று சொல்ல வேண்டும்.

வங்கி கண்டுபிடிக்கும் முரண்பாட்டுக்கு டிஸ்கிரிபன்சி என்று பெயர், இருந்தால் கட்டணம் பிடிப்பார்கள். எல்சியில் துறைமுகம் பழைய ஆங்கிலப் பெயரில் 'டூட்டிகோரின்' என்றிருக்கும், பிஎல்லில் 'தூத்துக்குடி' என்று அச்சாகியிருக்கும். நமக்கு இரண்டும் ஒன்று. பிராங்க்பர்ட்டில் உட்கார்ந்திருக்கும் வங்கிக்காரர் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. எல்சி நகல் வந்த அன்றே சிஎச்ஏ, ஃபார்வார்டர், வங்கி மூவருக்கும் அனுப்பி, முடியாத நிபந்தனை இருந்தால் நெசவு தொடங்கும் முன்பே திருத்தம் கேட்டுவிடுங்கள்.

டெமரேஜ், டிடென்ஷன், ஜெனரல் ஆவரேஜ்

கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிக்குச் சில நாள் இலவசம். அதற்கு மேல் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய்க் காலிப் பெட்டியைத் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். இரண்டும் நாள் ஏற ஏற விகிதமும் ஏறும். அது வாங்குபவர் பிரச்சினைதானே என்று இருந்துவிட முடியாது. அவர் சரக்கை எடுக்காமல் கைவிட்டால், பிஎல்லில் ஷிப்பர், அதாவது அனுப்புபவர், என்று பெயர் போட்ட உங்களிடம்தான் கப்பல் கம்பெனி வரும். முன்பணம் கொஞ்சமாவது வாங்காமல் சரக்கை ஏற்ற வேண்டாம் என்று பழைய ஆட்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெனரல் ஆவரேஜ் அடிக்கடி வராது, வந்தால் தலைசுற்றும். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன அசாதாரணச் செலவை, கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழைய கடல் வழக்கம் அது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் நின்றதே, அதன் பிறகு இப்படித்தான் அறிவித்தார்கள். சரக்குக்கு ஒரு கீறலும் விழாதவர்களும் உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கை எடுக்க முடியும் என்ற நிலை. இன்சூரன்ஸ் இருந்தால் அந்த உத்தரவாதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும்.

நீங்கள் இறக்குமதி செய்தால்

ஷிப்பிங் பில்லுக்குப் பதில் பில் ஆஃப் என்ட்ரி, இஜிஎம்முக்குப் பதில் ஐஜிஎம், எல்இஓவுக்குப் பதில் அவுட் ஆஃப் சார்ஜ். வரிக் கணக்கு மட்டும் புதிது. இந்தியாவில் சிஐஎஃப் மதிப்பின் மேல் வரி போடுகிறார்கள், ரூபாய் மாற்று விகிதம் சுங்கத் துறை அறிவிப்பது. உதாரணத்துக்கு 10,00,000 ரூபாய் சிஐஎஃப் மதிப்புள்ள ஓர் இயந்திரம், அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வரி 1,00,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 10,000. இவை சேர்ந்த 11,10,000-க்கு ஐஜிஎஸ்டி 1,99,800. ஆக மொத்தம் 3,09,800. இதில் ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரலாம், மற்ற இரண்டும் செலவு.

பணம் வந்த பிறகு

ஹாம்பர்க்காரர் பணம் அனுப்பியாயிற்று என்பதோடு பைலை மூடிவிட முடியாது. ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணக்கில் திறந்தே இருக்கும். வந்த பணத்துக்கு வங்கி தரும் குறிப்பு எண்ணையும் ஷிப்பிங் பில் எண்ணையும் இணைத்து வங்கியில் கொடுத்து, அந்தப் பதிவை முடிக்கச் சொல்லுங்கள். பிறகு டிஜிஎஃப்டி தளத்தில் பணம் வந்ததற்கான மின்சான்றான இ-பிஆர்சி எடுங்கள், இப்போது அதை ஏற்றுமதியாளரே எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கட்டணம் பிடித்துக்கொண்டு சில டாலர் குறைந்து வந்திருந்தால் அந்த வித்தியாசத்தையும் அப்போதே எழுதிக்கொடுத்துச் சரிசெய்துவிடுங்கள். சில டாலருக்காகத் திறந்து கிடக்கும் பில்தான், அடுத்த ஆர்டருக்குப் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு அனுப்பும் முன் தரும் கடன், கேட்டு வங்கிக்குப் போகும்போது மேலாளரின் திரையில் முதலில் தெரியும்.